வேலிக்கு உள்ளே, கோட்டுக்கு வெளியே

என் அன்பு மகள் பெர்மெத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆடு மாடு சுகமா, உயிர்கள் எல்லாம் சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் நம் வழக்கம், மாஸ்கோவில் ஒன்பதாம் மாடியில் உனக்கு ஆடேது மாடேது, அதனால் உன் தையல் மிஷின் சுகமா, என் பேத்தி அய்பிகே சுகமா, உன் கழுத்து வலி தேவலையா என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்கள் சுகம். உன் அம்மாவின் முழங்கால்தான் சுகமில்லை, மருந்துக்கடைக்காரி கொடுத்த களிம்பைத் தடவிக்கொண்டு வீடெல்லாம் கற்பூர வாசனை அடிக்க நடக்கிறாள். குளிர்காலக் கரிப்புகை போய் இப்போது மலை தெரிகிறது. பசு கன்று போட்டது, கிடாரி, நெற்றியில் வெள்ளை. ஆப்ரிகாட் இந்த வருஷம் மரம் தாங்காமல் காய்த்துக் கிடக்கிறது, பறிக்கத்தான் ஆளில்லை. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை எடுத்தால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அவள் இரண்டு வார்த்தை பேசினால் அழுகிறாள், பிறகு லைன் அறுந்துவிடுகிறது. நான் சொல்ல வேண்டியது அப்படிச் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. புதன்கிழமை மாஸ்கோ பஸ் போகிறது, உலர்த்திய தயிர் உருண்டை மூட்டைக்கு அடியில் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி.

நீ மாசியில், பனி இருக்கும்போதே அனுப்பிய வரைபடத்தை உன் அம்மா அச்சுக்கடையில் பெரிதாக எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். முன்முற்றம் முழுக்க இரண்டு மாடிக் கட்டடம், கீழே எட்டு மிஷின், வெட்டும் மேசை, மேலே உனக்கும் அய்பிகேவுக்கும் இரண்டு அறை. தேநீர் குடிக்க வருகிறவர்களை எல்லாம் அதன் முன்னால் நிறுத்தி, "பாருங்க, செப்டம்பர்ல பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள வந்துடுவா எம்பொண்ணு" என்று விளக்கம் சொல்கிறாள். நீ அன்றைக்குச் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "தையல்கூடம் தயார்னு சொல்லுங்கப்பா, மறுநாளே டிக்கெட் எடுக்கறேன், வெறுங்கையோட வந்து உங்க தலையில உக்கார மாட்டேன்." அந்த மனுஷன் உங்கள் இரண்டு பேரையும் விட்டுப்போன பிறகு நீ இப்படித்தான் பேசுகிறாய், நானும் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைதான் என்னை இத்தனை மாதம் நகர அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக நாய் மாதிரி அலையவைத்தது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், முன்முற்றத்தில் கட்ட முடியாது. இரண்டு மாடி இல்லை, ஒரு மாடியும் இல்லை, செங்கல்லில் ஒரு கோழிக்கூடுகூடக் கட்ட முடியாது. நானும் உன்னைப் போலத்தான் நினைத்திருந்தேன், மனைப் பட்டாவான சிவப்புப் புத்தகம் நம் பெட்டியில் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, என் பெயர் இருக்கிறது, பிறகு யாரைக் கேட்க வேண்டும் என்று. மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் முதல் தடவை போனேன். அங்கே ஜன்னலில் மேரிம் என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், காதில் பென்சில் செருகியிருந்தாள். புத்தகத்தை வாங்கிப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்து, "இத படிச்சீங்களா ஐயா" என்றாள். 'வீடு கட்டிக் குடியிருக்க' என்று இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் என் பெயரைத் தவிர அந்தப் புத்தகத்தில் வேறு எதையும் படித்ததில்லை. "நெலம் உங்களுதுதான், யாரும் இல்லேன்னு சொல்லல. அதுல என்ன செய்யலாங்கறத ஊரும் சேந்துதான் சொல்லும்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எங்கட்டில்ல நான் எந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கறதுன்னும் ஊருதான் சொல்லுமா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "கட்டில்ல எப்படி வேணா படுங்க ஐயா. கட்டில தெருவுல இழுத்துப் போட்டாத்தான் கேப்போம்" என்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நான் வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் மறுபடி போய்க் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

இரண்டாம் தடவை கணினியில் நகர வரைபடத்தைத் திறந்து காட்டினாள். நம் குடியிருப்பு முழுக்க மஞ்சள், மஞ்சள் என்றால் வீடுகள். ரயில் பாதைக்கு அந்தப்புறம் பழுப்பு, பட்டறை, கிடங்கு, தையல் ஆலை எல்லாம் அங்கேதான் போக வேண்டும். வாய்க்கால் ஓரம் பச்சை, அங்கே யாரும் எதுவும் கட்டக்கூடாது. ஏனம்மா இப்படி என்று கேட்டேன், இரவும் பகலும் எட்டு மிஷின் ஓடினால், துணி லாரி வந்து நின்றால், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எப்படித் தூங்கும் என்று திருப்பிக் கேட்டாள். நான் டிராலிபஸ் ஓட்டியவன், சக்கரத்தைப் பிடித்திருப்பது நம் கை என்றாலும் மேலே மின்கம்பி எட்டுகிற தூரத்துக்குத்தான் வண்டியை ஒடிக்கலாம், கூட ஒடித்தால் கூரைக் கொம்பு கம்பியிலிருந்து கழன்று நடுத்தெருவில் நிற்போம். வீட்டு மனையும் அப்படித்தான் போலிருக்கிறது, இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

இதோடு விட்டதா, இல்லை. அளக்கிற ஆள் வந்தான். மூன்று கால் கருவியை நம் கதவுக்கு எதிரே நிறுத்திப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்க வேலி தெருவுல நிக்குது" என்றான். உனக்கு நினைவிருக்கும், உன் பெரியப்பா இறந்த அன்றைக்கு நடந்தது. நம் ஜனம் செத்தால் வாசலில் கம்பளிக் கூடாரம் எழும்ப வேண்டும், நடுப்பகலுக்குள் எழும்ப வேண்டும். அன்றைக்கு முற்றத்தில் விறகு அடுக்கியிருந்தது, மாட்டுக்கொட்டகை இருந்தது, கூடாரம் விரியவில்லை. தெரு ஆண்கள் சேர்ந்து வேலியைப் பிடுங்கித் தெருப்பக்கமாகத் தள்ளி நட்டார்கள், நீ எண்ணெயில் பொரித்த போர்சோக் தட்டைச் சுமந்துகொண்டு அவர்கள் காலுக்கிடையில் திரிந்தாய். ஏழாம் நாள் கூடாரத்தைப் பிரித்தோம், துக்க வீட்டில் வேலியைப் பற்றி யார் பேசுவார், அது அங்கேயே நின்றுவிட்டது. மறுவருஷம் பக்கத்து வீட்டார் தங்கள் வேலியை நம்முடையதோடு நேர்படுத்தினார்கள், அவர்களைப் பார்த்து அடுத்த வீட்டார், இப்படியே கோடி வரைக்கும் போய்த் தெரு சிறுத்துப்போயிற்று. சென்ற குளிர்காலத்தில் மேல்கோடியில் ஒரு வீட்டுப் புகைபோக்கி தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டி உள்ளே வர முடியாமல் முனையிலேயே நின்றது, ஜனங்கள் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றி அணைத்தார்கள். அதனால் இப்போது தெருவை அகலமாக்கத் திட்டம் போட்டு வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு இழுத்திருக்கிறார்கள். அந்தக் கோடு நம் முன்முற்றத்தின் நடுவே, ஆப்ரிகாட் மரத்துக்கும் ஜன்னலுக்கும் இடையில் ஓடுகிறது. வேலியைப் பழைய இடத்துக்கு எடுத்தாலும் கோட்டுக்கு வெளியே, தெருப்பக்கம், நம் மனையில் ஒரு பட்டை மிஞ்சுகிறது. அந்தப் பட்டை எப்போது எடுப்பார்கள் என்று தெரியாது, எடுக்கும் நாளில் ஈடு கொடுப்பார்கள், அதுவரை நம்முடையதுதான், ஆனால் அஸ்திவாரம் தோண்டக்கூடாது. கோட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மிச்சமிருக்கிற இடமோ, கோட்டிலிருந்து விட வேண்டிய இடைவெளிக்கே சரியாகப் போய்விடுகிறது. நீ எட்டு மிஷின் வரைந்திருக்கிறாயே, அந்த எட்டும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. இதை உன் அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

தெருவில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. மூன்றாம் வீட்டு கெஞ்செபெக் வந்து ஒரு கெட்டில் தேநீரைக் குடித்துவிட்டு, "அண்ணே, கேட்டாத்தான் இல்லம்பாங்க. நீங்க பாட்டுக்குக் கட்டிடுங்க, அப்புறமா ஆபீஸ்ல போய் சரி பண்ணிக்கலாம்" என்றான். இவனேதான் வீட்டு மனையில் கார் கழுவும் நிலையம் போட்டான், அதைப் போன இலையுதிர் காலத்தில் டிராக்டர் வந்து இடித்துத் தள்ளியது. உன் அம்மா விடுவாளா, "ஒன்னோடத இடிச்சப்போ எந்த ஆபீஸ்ல போய் சரி பண்ணிக்கிட்டே?" என்று கேட்டாள். "நான் கூர போட லேட் பண்ணிட்டேன் அண்ணி, கூர போட்டிருந்தா தொட்டிருக்க மாட்டாங்க" என்று கொஞ்சமும் கூசாமல் சொல்கிறான். அவன் முற்றத்தில் உடைந்த செங்கல் இன்னும் குவிந்து கிடக்கிறது, அவன் மனைவி அதன்மேல்தான் துணி உலர்த்துகிறாள். நீ அங்கே கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்துச் சேர்த்ததை நான் அப்படிக் குவித்துவைக்க மாட்டேன், என் மேல் கோபித்தாலும் சரி.

மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ, மேரிமுக்கே என்மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். நாற்காலி போட்டு உட்காரவைத்து, வீட்டின் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். மாட்டுக்கொட்டகை, காய்கறிப் பாத்தி, அதன் பின்னால் வாய்க்கால் என்றேன். கொட்டகை இருக்கிற இடத்தில், வாய்க்காலை விட்டுத் தள்ளி, ஒரே தளமாகச் சின்னதாகக் கட்டலாம், வீட்டோடு சேர்ந்த கைத்தொழில் என்று தனி அனுமதி கேட்கலாம் என்றாள். நாலு மிஷினுக்கு மேல் கூடாது, லாரி வந்து நிற்கக்கூடாது, இரவில் ஓட்டக்கூடாது, தெருவில் நிற்கிற வேலி முதலில் உள்ளே போக வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து வீட்டார் சம்மதக் கையெழுத்து வேண்டும். நமக்கு ஒரு பக்கம் சந்து, மறுபக்கம் சல்கின். நீ திரும்பி வரப்போகிறாய் என்ற பேச்சு எழுந்ததும் தெருக்குழாயடியில் முதலில் உதட்டைப் பிதுக்கியவள் அவள்தான், உனக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

போனேன், போகாமல் என்ன செய்வது. அவள் கணவர் அசனாலி ஜன்னலோரப் படுக்கையில் கிடந்தார், வசந்தத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. சல்கின் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். மிஷின் சத்தத்தைப் பற்றிப் பேசுவாள், உன்னைப் பற்றி ஏதாவது குத்திப் பேசுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பின்னாடி நீங்க மிஷின் வையிங்க, பீரங்கி வையிங்க, எனக்கென்ன அண்ணே. முன்னாடி கட்டப்போறதா ஒங்க சம்சாரம் படத்த ஒட்டி வச்சுக்கிட்டு ஊருக்கெல்லாம் காட்டுறாளே, அதுதான் எனக்கு நெஞ்ச அடைக்குது. இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் கூடாரத்த எங்க போடுவேன்? எங்க வாசல்ல ஒரு ஆடு படுக்க எடமில்ல. ஒங்க முத்தத்த நம்பித்தான் இருக்கேன்" என்றாள். ஜன்னலோரம் அசனாலி கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்தேன். பெர்மெத், அந்த முற்றத்தை நான் என்னுடையது என்று நினைத்தேன், நீ உன்னுடையது என்று வரைந்தாய், நகரம் தெருவுடையது என்று கோடு போட்டது, இவளோ தன் புருஷனுக்கென்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

மறுநாளே கடப்பாரை எடுத்து வேலியைப் பிடுங்கத் தொடங்கினேன். கெஞ்செபெக் வந்து, "அண்ணே, தெருவே சிரிக்குது" என்றான், பிறகு அவனே வந்து மறுமுனையைப் பிடித்தான். முழுக்கப் பிடுங்கியாயிற்று, பழைய இடத்தில் இன்னும் நடவில்லை, இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அப்படியே திறந்து கிடந்தபோதுதான் அசனாலி போய்விட்டார். விடியற்காலையில் சல்கின் கூரையைப் பிய்க்கிற மாதிரி கத்தினாள். தெருப் பொதுக் கூடாரத்தைக் கொண்டுவந்தார்கள், பாதி நம் முற்றத்திலும் பாதி தெருவிலுமாக நடுப்பகலுக்குள் எழும்பிற்று, எங்கும் இடிக்கவில்லை. அவருடைய மகன்கள் வெளியே கோலை ஊன்றிக் குனிந்து நின்று அழுதார்கள். உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். மூத்த மகள் கொரியாவில் மீன் ஆலையில் இருக்கிறாளே, அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, விமானமும் இல்லை. அவள் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு தலையணையை வைத்து அதன்மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து அவள் ஒப்பாரி வந்தது. பாதியில் அறுந்துபோகும், யாராவது மறுபடி கூப்பிடுவார்கள், விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். உன் அம்மா அந்தப் போனின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, ஃபிரிட்ஜ் கதவிலிருந்து படத்தைக் கிழிக்காமல் மெதுவாக எடுத்து மடித்து வைத்தாள்.

ஏழாம் நாள் கழிந்து கூடாரத்தைப் பிரித்ததும் சல்கின் தானாகவே வந்து கையெழுத்துப் போட்டாள். "ஒங்க பொண்ணு வரட்டும் அண்ணே, எனக்கும் ஒரு பாவாட தச்சுக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் மேரிமிடம் கொடுத்தேன். தெருவில் கூடாரம் போட்டோம், அதற்கு அபராதம் உண்டா என்றும் கேட்டேன், ஒரு வாரத்தில் பிரித்துவிடுவதற்குப் பெயர் கட்டடம் இல்லை என்றாள். அனுமதி கொடுக்கிற குழு இலையுதிர் காலத்தில்தான் கூடுமாம். கொடுப்பார்கள் என்றுதான் நினைக்கிறாளாம், உறுதியாகச் சொல்ல மாட்டாளாம். கொடுத்தாலும் பனிக்கு முன் சுவர் எழும்பாது, அடுத்த வசந்தம்தான். ஆகவே செப்டம்பருக்குள் கூடம் தயார் என்று என்னால் உனக்குச் சொல்ல முடியாது, அம்மா. முடிந்தவரை அலைந்துவிட்டேன். உடம்பு சலித்துவிட்டது, அந்த அலுவலகத்துப் படிக்கட்டைப் பார்த்தாலே மூச்சு வாங்குகிறது.

எழுந்து வரும்போது ஒன்று கேட்டேன். "எம்பொண்ணும் பேத்தியும் கட்டடம் ஒண்ணும் கட்டாம, சும்மா வந்து எங்களோட இருக்கணும்னா, அதுக்கு எந்த ஜன்னல்ல போய் நிக்கணும்?" மேரிம் சிவப்புப் புத்தகத்தைத் திறந்து பழைய வரியிலேயே விரலை வைத்து என் பக்கம் திருப்பினாள். "அதுக்கு ஏற்கெனவே குடுத்தாச்சு ஐயா. அது ஒண்ணுக்குத்தான் யாரையும் கேக்க வேண்டியதில்ல" என்றாள். வீடு கட்டிக் குடியிருக்க. வீடு கட்டிவிட்டேன், பெர்மெத். உன் பழைய அறையில் நேற்று சுண்ணாம்பு அடித்தேன், கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினேன், மிஷின் ஒன்று வைக்க மூலையைக் காலிசெய்தேன், ஒரு மிஷின் சத்தத்துக்கு யாரும் வரமாட்டார்கள், கேட்டுவிட்டேன். நீ வெறுங்கையோடு வா. நாங்கள் ஒரு தலையணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் குரலைக் கேட்கிறவர்களாக ஆகிவிடக்கூடாது, நீயும் லைன் அறுந்து அறுந்து அழுகிறவளாக ஆகக்கூடாது.

தயிர் உருண்டையை அய்பிகேவிடம் மொத்தமாகக் கொடுத்துவிடாதே, உப்பு அதிகம். வரும்போது அவளுடைய பள்ளிச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் மறக்காமல் எடுத்துவா, இங்கே பள்ளியில் ஆகஸ்ட் பாதியிலேயே கேட்பார்கள். உன் அம்மாவுக்கு முழங்கால் உறை ஒன்று, பெரிய அளவில். வழி உனக்கு வெண்மையாக, தடையில்லாமல் இருக்கட்டும், உன் கையில் ஊசியும் உன் மகளின் தலையும் பத்திரமாக இருக்கட்டும், எங்கள் கண் மூடுவதற்குள் உங்கள் இருவரையும் வாசலில் பார்க்கிற பாக்கியம் கிடைக்கட்டும் என்று நானும் உன் அம்மாவும் கையேந்தி வேண்டி முகத்தைத் தடவிக்கொள்கிறோம். வேலி இன்னும் நடவில்லை, வண்டி வாசல் வரைக்கும் வரும்.

உன் அப்பா,
தொக்தோசுன்